சட்டப்படி மடி

குழந்தைப் பராமரிப்பு ஒழுங்காணையம் உருவானதும் முதல் வேலையாக 'ஆயா' என்ற சொல்லை ஒழித்தது. அந்தச் சொல் வேலை செய்பவரின் கண்ணியத்தைக் குறைக்கிறது என்று ஆணையம் கருதியது. எனவே மாநிலம் முழுவதும் ஆயாக்கள் ஒரே நாளில் 'வளர்ச்சித் துணைவர்கள்' ஆனார்கள். அவர்களுடைய சம்பளத்துக்குப் புதுப்பெயர் எதுவும் தேடவில்லை. அது பழைய பெயரிலேயே, பழைய அளவிலேயே இருந்தது. அடுத்து, குழந்தைக் காப்பகம் 'மழலை மேம்பாட்டு மையம்' ஆயிற்று. அழுகை 'ஒலிவழிக் கோரிக்கை' ஆயிற்று. குழந்தை துணியை நனைத்தால் 'ஈர நிகழ்வு'. ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்து வைத்தால் அது 'சகமழலை வாய்த்தொடர்பு'.

இந்தச் சொற்களில் பெரும்பாலானவற்றை ஆக்கியவர் துணை இயக்குநர் வைகுந்தநாதன். மொழிப்பற்று மிக்கவர். கூட்டத்தில் யாராவது 'டயப்பர்' என்று சொல்லிவிட்டால் முகம் சுளிப்பார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. அதனால்தான் பாரபட்சம் இல்லாமல் சட்டம் எழுத முடிகிறது என்று ஆணையத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

அவருடைய ஆகப்பெரிய சாதனை மடி.

முன்பெல்லாம் மூன்று கைக்குழந்தைகளுக்கு ஓர் ஆயா இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. மையங்கள் வாட்ச்மேனையும் கேன்டீன் மாஸ்டரையும் ஆயா கணக்கில் எழுதி வைத்திருந்தன. ஆய்வு நடக்கும் நாளில் மீசைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கையில் கிலுகிலுப்பையோடு வரிசையாக நிற்பார்கள். வைகுந்தநாதன் இதற்கு முடிவு கட்டினார். ஆளை எண்ணினால்தானே ஏமாற்றுகிறார்கள், மடியை எண்ணுவோம் என்றார். மூன்று குழந்தைகளுக்கு ஒரு மடி. மடி என்றால் என்ன என்பதையும் அவரே எழுதினார்: 'கைக்குழந்தையை ஏந்தி, அதற்கு வெப்பமும் அசைவும் இதயத்துடிப்பும் குரலும் வழங்கத்தக்க பரப்பு.'

வரைவைப் படித்த சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. தாய்மையைச் சட்டமொழியில் இதைவிட அழகாகச் சொல்ல முடியாது என்று ஒரு நாளிதழ் தலையங்கம் எழுதியது. அந்தப் பரப்பு யாருடையதாக இருக்க வேண்டும் என்று வரையறையில் இல்லாததை நாளிதழ் கவனிக்கவில்லை. ஒரு நிறுவனம் கவனித்தது.

அடுத்த ஆண்டே 'அணைவு' சந்தைக்கு வந்தது. பார்ப்பதற்குச் சாய்வு நாற்காலிக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒன்று. இரண்டு பக்கமும் பஞ்சு வைத்த கைகள். உள்ளே மெல்லிய வெப்பம், ஓயாத துடிப்பு. குழந்தையைச் சேர்க்கும்போது தாய் சில வாக்கியங்கள் பேசிப் பதிவு செய்துவிட வேண்டும்; அதன்பிறகு அணைவு அவள் குரலிலேயே எதை வேண்டுமானாலும் பேசும், பாடும். குழந்தையின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். அழுகை வரப்போவது குழந்தைக்குத் தெரிவதற்கு முன்பே பட்டைக்குத் தெரிந்துவிடும். உடனே மடி ஆடும், தாயின் குரல் முனகும், அழுகை எழும்பாமலே அடங்கிவிடும்.

ஒரகடத்தில், கைப்பேசி உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றின் மதிலை ஒட்டி ஒரு மழலை மேம்பாட்டு மையம் இருந்தது. அங்கே அணைவுகள் வந்து இறங்கிய வாரத்தில் வளர்ச்சித் துணைவர்கள் எல்லாரும் கண்ணியத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒருத்தியை மட்டும் மேலாளர் கிருபாகரன் நிறுத்திக்கொண்டார். ஈர நிகழ்வை உணரத் தெரிந்த அணைவுக்கு அதைக் கழுவத் தெரியாது. அந்த வேலைக்குத் தேசம்மாள் இருந்தாள். நாற்பதைத் தொட்டவள், வாலாஜாபாத் பக்கம். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏற்பாடு. கழுவித் துடைத்து மறுபடி மடியில் கிடத்திவிட வேண்டும். நாள் முழுவதும் நின்றுகொண்டேயிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் உட்கார்ந்தால் மடி உண்டாகிவிடும்.

அந்த வட்டாரத்தின் ஆய்வாளர் வஹிதா பானு. வாணியம்பாடிக்காரி, குழந்தை வளர்ச்சியியல் படித்தவள், இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள். அவள் ஆய்வுக்குப் போனபோது மையத்தில் அப்படி ஓர் அமைதி. கைக்குழந்தைகள் நிறைந்த கூடத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஒலிவழிக் கோரிக்கை ஒன்றுகூட இல்லை. வெப்பம் சரி, சுத்தம் சரி, மடிக் கணக்கு சரி. உயர்ந்த தரநிலை கொடுத்தாள். கிளம்பும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றியது. தோன்றுவதற்கெல்லாம் மதிப்பெண் குறைக்க விதியில் இடமில்லை என்பதால் பேருந்து ஏறிவிட்டாள்.

சில வாரங்கள் கழித்து, தொழிற்சாலையின் வாரவிடுமுறை நாளில் கோமளா என்ற பெண் அவளைத் தேடி அலுவலகத்துக்கு வந்தாள். போளூர்ப் பக்கத்திலிருந்து வந்து அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். இடுப்பில் பெண்குழந்தை, ஆதிரை. கோமளா நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தி, "பாப்பா, அம்மாவப் பாரு" என்றாள்.

குழந்தை கோமளாவின் வயிற்றைப் பார்த்தது.

மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் வயிற்றைத்தான் பார்த்தது. குரல் வரும் இடம் அது என்று அதற்குத் தெரிந்திருந்தது. வஹிதா குனிந்து தன் பங்குக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். குழந்தையின் கண்கள் அவளுடைய இடுப்புப் பக்கம் தேடிப் போயின. முகத்தின் மேல் பட்டபோது, சுவரைக் கடப்பதுபோல் கடந்து போயின.

தன் மடியில் குழந்தை நெளிந்துகொண்டே இருக்கிறது, மையத்தில் கொண்டுபோய் விட்டால்தான் உடம்பைத் தளர்த்துகிறது என்றாள் கோமளா. வீட்டுக்கும் ஓர் அணைவு வாங்கிக்கொள்ளலாம், தவணை உண்டு என்று மையத்தில் சொன்னார்களாம். அவள் வஹிதாவைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தபடி கேட்டாள்.

"காலையில வுட்டுட்டு வரும்போது அழுவாது மேடம். சாயந்திரம் தூக்கும்போது சிரிக்காது. எதுனா சட்டம் இருக்குதா, அம்மாவப் பாத்துப் புள்ள அழுவணும்னு?"

வஹிதா தேடினாள். குழந்தை அதிகமாக அழுதால் புகார் செய்ய ஒரு பிரிவு இருந்தது. விட்டுவிட்டு அழுதால் ஒன்று, தொடர்ந்து அழுதால் ஒன்று, ஒரு குழந்தை அழுது மற்றவற்றையும் அழவைத்தால் அதற்கும் ஒன்று. அழாததற்கு இல்லை.

அவள் மறுநாளே மையத்துக்குப் போய்க் கூடத்தின் ஓரத்தில் வெகுநேரம் நின்றாள். இந்தமுறை மடிகளை எண்ணாமல் குழந்தைகளைப் பார்த்தாள். எல்லாம் நிம்மதியாக, தாடையை நெஞ்சில் பதித்து, மெத்தையை நோக்கிக் கிடந்தன. மெத்தைகளுக்குள்ளிருந்து அவரவர் தாய் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். தேசம்மாள் ஒரு குழந்தையைக் கழுவிக்கொண்டே அதைப் பார்த்து நாக்கை நீட்டினாள், கண்ணை உருட்டினாள். குழந்தை மிரண்டு கையை உதறியது. பட்டை அதை உணர்ந்து எங்கோ ஒரு மணி அடித்தது.

"மூஞ்சியக் கண்டா பயப்படுதுங்க மேடம்" என்றாள் தேசம்மாள். "ஆளுங்களுக்கு மூஞ்சி இருக்குதுன்னே தெரியாம வளருதுங்க."

வஹிதா அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய் வைகுந்தநாதனைப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அறிக்கையில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினார். பிறகு, சட்டம் முழுவதிலும் முகம் என்ற சொல்லே கிடையாது என்று சுட்டிக்காட்டினார். சேர்க்கலாமே சார் என்றாள் வஹிதா. தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் முகம் என்றால் என்ன என்று வரையறுக்க வேண்டும், அதற்கு ஒரு குழு அமைக்க வேண்டும், குழுவில் யார் யார் என்று முடிவு செய்ய இன்னொரு குழு வேண்டும் என்றார். அதுவரை நிறுவனத்திடம் கேட்டால் மடியின் மேலே திரை வைத்து அதில் தாயின் முகத்தை ஓடவிடுவார்கள், தனிக் கட்டணம்தான், என்றும் யோசனை சொன்னார்.

அவள் அறிக்கையால் ஒரு பலன் மட்டும் உண்டானது. மடிகளைப் பற்றிச் சந்தேகம் கிளம்பியிருப்பதை ஆணையம் உணர்ந்தது. உடனே மடிகளுக்கான தரநிர்ணயத்தை வெளியிட்டது. துடிப்பு சீராக இருக்க வேண்டும். வெப்பம் கூடவோ குறையவோ கூடாது. திடீர் அசைவு கூடாது. மணம் கூடாது. தரச்சான்று இல்லாத எந்த மடியிலும் பதிவு பெற்ற குழந்தையை மைய வளாகத்துக்குள் வைக்கக் கூடாது.

இதன் முதல் விளைவு கோமளாவின் மேல் விழுந்தது. அவள் மதிய இடைவேளையில் மையத்துக்கு ஓடிவந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். சட்டப்படி அவளுடையது இப்போது சான்று பெறாத மடி; தொழிற்சாலையிலிருந்து ஓடி வருவதால் துடிப்பு தாறுமாறு, வெப்பம் அதிகம், மணம் சொல்லவே வேண்டாம். பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டால் அணைவு புகட்டிக்கொள்ளும் என்றார் கிருபாகரன். அவர் கெட்டவரல்ல. நோட்டீஸ் கொடுக்க வேண்டியது ஆய்வாளர், நான் வெறும் மேலாளர் என்று வருத்தத்தோடு சொன்னார். நோட்டீஸ் அச்சாகி வஹிதாவின் கையெழுத்துக்காக மேசைக்கு வந்தது. கோமளாவின் பெயர் இருந்த இடத்துக்கு மேலே, 'அனுமதியற்ற பரப்பின் உரிமையாளர்' என்று போட்டிருந்தது.

வஹிதா அதை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தாள். பிறகு விதியை முதலிலிருந்து படித்தாள். மடி மனிதருடையதாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அதனால்தான் இந்தக் கதியே. மனிதருடையதாக இருக்கக் கூடாது என்றும் எங்கும் இல்லை. சான்று இல்லாததுதான் குற்றம் என்றால் சான்று வாங்கிவிட்டால் போகிறது.

தேசம்மாளிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். உங்களை மெஷின் என்று பதிவு செய்யப் போகிறோம், தற்காலிகமாகத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஆயான்னாங்க, துணைவர்னாங்க, அப்பால தொடைக்கிறவன்னாங்க. இதுவும் ஒரு பேருதானே" என்றாள் தேசம்மாள்.

சோதனைக்கூடம் நகருக்குள் இருந்தது. மிக்ஸி, கிரைண்டர், சக்கர நாற்காலிகளோடு தேசம்மாளும் வரிசையில் காத்திருந்தாள். அவள் கொண்டையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மண விதி காரணமாக எடுத்துவிடச் சொன்னார்கள். பிறகு உட்காரவைத்து, குழந்தை எடையுள்ள மணல்மூட்டைகளை மடியில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஆட்டச் சொன்னார்கள், ஆட்டினாள். குரல் வழங்கச் சொன்னார்கள். மணல்மூட்டையிடம் என்ன பேசுவது என்று கூச்சப்பட்டவள், கடைசியில் அதைத் தட்டிக் கொடுத்து, யார் அடித்தது உன்னை என்று விசாரித்தாள். அறையில் இருந்தவர்கள் அளவுமானியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

துடிப்பில் சிக்கல் வந்தது. சீராக இல்லை, மூட்டையைக் கொஞ்சும்போது ஏறியது, இறக்கி வைத்தபோது இறங்கியது. சோதனைப் பொறியாளர் வெகுநேரம் யோசித்தார். தோல்வி என்று எழுதினால் மேல்முறையீடு, விளக்கம், கோப்பு என்று ஆறுமாத வேலை. சிறப்பம்சம் என்று எழுதினால் ஒரு வரி. 'மாறுதுடிப்பு வகை, மேம்பட்ட மாதிரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேசம்மாளின் கழுத்தில் ஓர் எண்தகடு தொங்கியது.

அடுத்த வாரவிடுமுறையில் கோமளாவும் போய்ப் பகுதிநேர மடியாகச் சான்று பெற்று வந்தாள். கையெழுத்தாகாத நோட்டீஸ் குப்பைக்கூடைக்குப் போனது.

இதற்குப் பிறகு நடந்ததை வஹிதா எதிர்பார்க்கவில்லை. மையத்தின் சாதனங்களுக்கென்று தனிப் பராமரிப்பு விதிகள் உண்டு. சான்று பெற்ற மடியைத் தொடர்ந்து இயக்கக் கூடாது, ஓய்வு தர வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று குழந்தைகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. உறுதியான ஆதாரத்தின் மேல், காற்றோட்டமான இடத்தில் நிறுவ வேண்டும். உற்பத்தியாளர் குறிப்பிடும் எரிபொருளை உரிய நேரத்தில் வழங்க வேண்டும். அணைவுக்கு எரிபொருள் மின்சாரம். தேசம்மாளுக்கு எது என்று நிறுவல் படிவத்தில் கேட்டிருந்தது. வஹிதா அவளிடமே கேட்டு, மதியம் சோறு, குழம்பு, முடிந்தால் கருவாடு என்று நிரப்பினாள்.

கிருபாகரன் கொதித்துப் போனார். தனக்கே மதியச் சாப்பாடு கொடுக்காத நிர்வாகம் இவளுக்கு எப்படிக் கொடுக்கும் என்று கேட்டார். விதியை மீறினால் மையத்தின் உரிமம் போய்விடும் என்றாள் வஹிதா. மறுநாள் நல்ல தேக்கு நாற்காலி ஒன்று வந்து இறங்கியது, அதற்கு நேர்மேலே ஒரு மின்விசிறி மாட்டப்பட்டது. சாதனத்துக்குச் சம்பளம் தர முடியாது என்று கணக்குப் பிரிவு நிறுத்திய பணம், பராமரிப்புச் செலவு என்ற தலைப்பில் கூடுதலாகவே வந்தது. தேசம்மாள் முதல்நாள் அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். யாரும் எழுப்பவில்லை. மூன்றாம் நாள் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மும்மூன்றாக முறைவைத்து அவள் மடிக்கு வந்த குழந்தைகள் முதலில் மிரண்டன. முகம் என்ற ஒன்று மேலே இருந்து பேசுவதும், தும்முவதும், தூங்கி விழுவதும் அவற்றுக்குப் புதிது. பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்க்கத் தொடங்கின. ஆதிரை ஒருநாள் தேசம்மாளின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. மூக்கில் ரத்தம் துளிர்த்தது. சாதனச் சேதம் என்று கிருபாகரன் பதிவு செய்தார்.

ஒரு காலை, கோமளா வழக்கம்போல் குழந்தையைத் தேசம்மாளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். வாசலை எட்டுவதற்குள் பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். ஆதிரை அவளுடைய முகத்தைப் பார்த்து, உதடு பிதுங்கி, கையை நீட்டி, மையம் அதிர அழுதுகொண்டிருந்தது. கோமளா ஓரடி உள்ளே வைத்தாள். போ, போ என்று தேசம்மாள் கையசைத்தாள். அவள் வெளியே போய் மதிலில் சாய்ந்து நின்றாள். தொழிற்சாலைச் சங்கு ஊதி அடங்கியது. உள்ளே அழுகை தேம்பலாகி, தேம்பல் நிற்கும்வரை அங்கேயே நின்று கேட்டுவிட்டுத்தான் போனாள். தாமதத்துக்கு உற்பத்தி வரிசையின் மேற்பார்வையாளர் எல்லார் முன்னிலையிலும் திட்டினார். திட்டும்போது எதற்குச் சிரிக்கிறாய் என்று அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

அந்த மாதம் மையத்தின் தரநிலை அதலபாதாளத்துக்குப் போனது. ஒலிவழிக் கோரிக்கைகள் குவிந்திருந்தன. வஹிதாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆனால் அதே சமயம் சுகாதாரத்துறை வேறொரு விஷயத்தில் கலங்கிப் போயிருந்தது. அணைவில் வளர்ந்த குழந்தைகள் ஒரு வயது தாண்டியும் மழலை பேசவில்லை, சுட்டிக்காட்டவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. மாநிலம் முழுக்க இதே கதை, ஒரகடத்தில் ஒரே ஒரு மையத்தைத் தவிர. அங்கே மட்டும் குழந்தைகள் வாய் ஓயாமல் கத்தின. அங்கே நிறுவப்பட்டிருப்பது 'மாறுதுடிப்பு வகை' என்று கோப்பு சொன்னது.

வைகுந்தநாதன் நிறுவன அதிகாரிகளை அழைத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். அதிகாரிகள் தேசம்மாளைச் சுற்றி வந்து பார்த்தார்கள். இந்த மாதிரி எங்கே தயாராகிறது என்று ஒருவர் கேட்டார்.

"வாலாஜாபாத் சார்" என்றாள் தேசம்மாள்.

வஹிதா துணை இயக்குநரைத் தனியே அழைத்துப்போய், இது மனுஷி சார், நிலைமையைச் சமாளிக்க நான் செய்த ஏற்பாடு, இப்போதாவது வெளிப்படையாகச் சொல்லிவிடலாம் என்றாள்.

"எனக்குக் கண்ணு தெரியும்மா" என்றார் வைகுந்தநாதன். "மனுஷின்னு சொன்னா, மனுஷிக்கு எப்படிச் சான்று கொடுத்தீங்கன்னு நம்மளக் கேப்பாங்க. அவ்வளவு பேரை ஏன் வேலையை விட்டு அனுப்புனீங்கன்னும் கேப்பாங்க. சாதனம்னா ஒரு கேள்வி கிடையாது. பாராட்டுதான்."

பாராட்டு வந்தது. மாறுதுடிப்பு மடிகளை எல்லா மையங்களிலும் நிறுவ அரசாணை பிறந்தது. அந்த நிறுவனமே விநியோக ஒப்பந்தத்தை எடுத்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களைத் தேடிப் பிடித்து, மணல்மூட்டை வைத்துச் சோதித்து, எண்தகடு மாட்டி மையங்களுக்கு வாடகைக்கு விட்டது. நிஜத்தோடு போட்டிபோடும் தொழில்நுட்பம் என்று அதே நாளிதழ் தலையங்கம் எழுதியது. பழைய அணைவுகள் வீணாகவில்லை. முதியோர் இல்லங்கள் வாங்கிக்கொண்டன.

குழந்தைகள் அழுதன, சிரித்தன, மூக்குத்திகளை இழுத்தன. வஹிதாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவளுக்குத் தூக்கம்தான் சரியாக வரவில்லை. ஒருநாள் மையத்து வாசலில் நிறுவனத்தின் வேன் நின்றதைப் பார்த்தாள். உள்ளே மெத்தைகளுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில் பூங்காவனம் என்ற பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மஞ்சள்காமாலை வந்து போயிருந்தது. 'பழுது நீக்கப்பட்டது' என்ற சீட்டை அவளுடைய சேலையில் குத்தியிருந்தார்கள். உற்பத்தியாளர் பொறுப்பில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்களாம். அப்படி ஓர் ஆஸ்பத்திரியைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை, தனி அறை, திராட்சைப் பழம் என்று பூங்காவனம் சந்தோஷமாகத்தான் சொன்னாள். வஹிதாவால் அந்தச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அதன்பிறகு அவள் ஓயவில்லை. ஒவ்வொரு கோப்பாக அலைந்து, ஒவ்வொரு அறையாகக் காத்திருந்து, 'மடி உடைய நபர்' என்ற திருத்தத்தைச் சட்டத்தில் கொண்டுவரச் சம்மதம் வாங்கினாள். வைகுந்தநாதனே இறுதியில் இசைந்தார். 'நபர்' என்பதில் அவருக்குச் சிறு மனக்குறை, தூய தமிழ் இல்லை என்று. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: மனிதராக மாற விருப்பம் என்று சாதனங்களே எழுதிக் கொடுக்க வேண்டும்.

வஹிதா முதலில் தேசம்மாளிடம் வந்தாள். மதிய நேரம். பேருந்து நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்ததில் அவளுக்குக் கால் வலித்தது. தேசம்மாள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். இரண்டு குழந்தைகள் அவள்மேல் தூங்கிக்கொண்டிருந்தன, மூன்றாவது எண்தகட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. வஹிதா எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அக்கா மறுபடி மனுஷி ஆகிவிடலாம் என்றாள்.

தேசம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இந்த நாற்காலி?" என்றாள்.

வஹிதாவுக்கு விதி மனப்பாடம். "வாய்ப்பு இருந்தா தரலாம்னு இருக்கு."

"இப்ப?"

"இப்ப கட்டாயம்."

"சோறு?"

சோற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லாத விண்ணப்பத்தை வஹிதா நாற்காலியின் கைமேல் வைத்தாள்.

"ஒடம்புக்கு வந்தா? வேலைய வுட்டு அனுப்பிச்சா?"

பணியாளர் என்றால் முன்னறிவிப்பு கொடுத்து அனுப்பலாம் என்றும், சாதனம் என்றால் ஆயுட்காலம் முடியும்வரை அகற்றக் கூடாது என்றும் வஹிதா உள்ளதைச் சொன்னாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

தேசம்மாள் விண்ணப்பத்தைக் குழந்தையின் வாய்க்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள்.

"எனக்கு ஆசை இல்லாம இல்ல மேடம். நீ எனக்காக அலைஞ்சது தெரியும். ஆனா மனுசியா அம்மாம் வருசம் இருந்து பாத்துட்டேன்." அவள் பார்வை வஹிதாவின் காலுக்குப் போனது. "கால் வலிக்குதா? நின்னுனே இருக்கியே. மடி ஓடுற நேரம் முடியல, நான் எழுந்துக்கக் கூடாது. இல்லன்னா எடம் குடுப்பேன்."

வஹிதா உட்கார இடம் தேடினாள். அந்தக் கூடத்தில் இருந்த நாற்காலிகள் எல்லாவற்றிலும் எண்தகடு போட்ட பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் கிருபாகரன் நின்றபடியே தன் டிபன் பாக்ஸிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறு நாற்காலி இல்லை, சாதனங்களுக்கு மட்டும்தான் நிதி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். வஹிதா பரவாயில்லை என்று சொல்லி, அவருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

கிருபாகரன் டிபன் பாக்ஸை மூடினார். கையைத் துடைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி அவள் பக்கம் சாய்ந்தார்.

"மேடம், அந்தச் சோதனைக்கூடத்துல ஆம்பளைங்களையும் எடுப்பாங்களா?"